பயத்தையும் தவணையாகத்தான் அடைக்கணும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

  வரவு செலவு வாசிச்சாச்சு. கடன் திருப்புதல் பத்திப் பேசியாச்சு. மிச்சமிருக்கிற நேரத்தில் பிள்ளைகளைப் பத்திப் பேசச் சொல்லி செயற்குழுவில் கேட்டுக்கிட்டாங்க. பள்ளிக்கூடம் லீவு விடப்போகிற நேரம். அதனால் கோடை விடுமுறையையும் பயத்தையும் சேர்த்துப் பேசுறேன்.

லீவு விட்ட நாளிலிருந்து நம்ம வாயில் என்னென்ன வார்த்தை வருதுன்னு ஒரு நாள் எண்ணிப் பாருங்க. "கண்மாய்ப் பக்கம் போகாதே." "கிணத்தை எட்டிப் பாக்காதே." "அந்தப் புளியமரத்துல முனி இருக்கு." "சாப்பிடலேன்னா டாக்டரம்மாகிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்வேன்." "சேட்டை பண்ணினா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன்." நம்ம வீட்டில் இருக்கிற பெரிய வேலைக்காரன் யாருன்னு கேட்டா, பயம்தான். பிள்ளையைச் சோறு தின்ன வைக்கவும் பயம், தூங்க வைக்கவும் பயம்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நாளைக்குச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை கை நழுவிப் போயிட்டா, அது யார்கிட்ட ஓடணும்? நாம காட்டிப் பயமுறுத்தின அதே போலீஸ்காரர்கிட்டதான். காய்ச்சல் வந்தா யார்கிட்ட வாயைத் திறந்து காட்டணும்? அதே டாக்டரம்மாகிட்டதான். பயத்தைச் சும்மா கைக்கு வந்தபடி விதைச்சா, வேண்டாத இடத்தில் முளைச்சு நிக்கும்.

இரண்டு வகைப் பயம்

பயமே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. அறுந்து கிடக்கிற கரண்டு கம்பியைப் பார்த்து ஒதுங்கணும். கட்டுவிரியனைக் கண்டா விலகணும். இது காவல் காக்கிற பயம். வீட்டு வாசலில் நாய் கட்டியிருக்கிற மாதிரி, இது இருக்கணும்.

இன்னொரு பயம் இருக்கு. அது நம்மையே கட்டிப்போடுற பயம். பேங்க் வாசப்படி ஏற பயம். கூட்டத்தில் எழுந்து பேர் சொல்ல பயம். மக டவுனுக்குத் தனியா பஸ்ஸில் காலேஜ் போக பயம். இந்த ரெண்டையும் நாம ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். பிள்ளைக்கும் அப்படியே கொடுத்துடுறோம்.

தண்ணீரை எடுத்துக்குங்க. மே மாதம் வந்தா பேப்பரில் என்ன செய்தி வருது? கண்மாயில் குளிக்கப் போன சிறுவர்கள் பலி, கல்குவாரிக் குட்டையில் மூழ்கி மாணவன் சாவு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்காங்க. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு 5 வயது நிரம்பாத குழந்தைகள். இந்தச் சாவுகளைத் தடுக்கணும்னுதான் ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் முடிவு செய்து, ஜூலை 25-ஐ அதற்கான நாளாக அறிவிச்சிருக்கு.

இத்தனை பிள்ளைகளின் அம்மாமாரும் "தண்ணிப் பக்கம் போகாதே"ன்னு சொல்லாமலா இருந்திருப்பாங்க? நூறு தடவை சொல்லியிருப்பாங்க. பயமுறுத்தி வச்ச பிள்ளை தண்ணிக்குப் போகாம இருக்கிறதில்லை. அம்மாவுக்குத் தெரியாமப் போகுது. நீச்சல் தெரியாமப் போகுது. எங்கே பள்ளம், எங்கே சேறுன்னு தெரியாமப் போகுது. அதனால்தான் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் சொல்லிக்கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

பிள்ளை நம்ம முகத்தைத்தான் படிக்குது

நம்ம பயம் பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருது? இதுக்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு. 1985-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு நீளமான மேசை. மேலே முழுக்கக் கெட்டிக் கண்ணாடி. பாதி தூரம் வரை கண்ணாடிக்கு ஒட்டினாற்போலக் கட்டம் போட்ட துணி. அதுக்கு அப்புறம் அந்தத் துணி ஒரு அடி ஆழத்துக்குக் கீழே இறங்கிடும். மேலே இருந்து பார்த்தா ஒரு பள்ளம் மாதிரி தெரியும். ஆனா கண்ணாடி இருக்கிறதால் விழ முடியாது.

ஒரு வயதுக் குழந்தையை ஒரு பக்கம் விட்டாங்க. எதிர்ப் பக்கம் அம்மா நின்னாங்க. குழந்தை தவழ்ந்து வந்து, பள்ளம் தெரிகிற இடத்தில் நின்னு, அம்மா முகத்தைப் பார்த்துச்சு. அம்மா வாயே திறக்கக் கூடாது. முகத்தில் மட்டும்தான் காட்டணும். அம்மா சிரிச்ச முகமா நின்னப்போ 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் தாண்டி வந்துடுச்சு. அம்மா பயந்த முகம் காட்டினப்போ 17 குழந்தைகளில் ஒண்ணுகூடத் தாண்டலை.

ஒரு வார்த்தை பேசலை. அடிக்கலை, மிரட்டலை. முகம் மட்டும்தான்.

அதனால் பிள்ளையின் பயத்தைப் போக்கணும்னா பிள்ளையை மட்டும் தள்ளிவிட்டுப் பிரயோசனம் இல்லை. நம்ம பயத்தையும் நாம கையில் எடுத்துப் பார்க்கணும். அதுக்காக மனசுக்குள்ளே நடுங்கிக்கிட்டே வெளியில் சிரிக்கச் சொல்லலை. விவரம் தெரிஞ்ச பிள்ளைகிட்ட அந்த நடிப்பு எடுபடாது. "அம்மாவுக்கும் இது கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாப் போய்ப் பார்ப்போமா?"ன்னு கேட்கலாம். அது உண்மையான பேச்சு. பிள்ளைக்கும் அது புரியும்.

இராமேசுவரம் போய் வந்த கதை

2025 மே மாதம் நம்ம மதுரை மாவட்டத்துக் குழுக்கள் சிலதில் இருந்து 18 தாய்மாரும் 26 பிள்ளைகளும் ஒரு நாள் சுற்றுலாவா இராமேசுவரம் போய் வந்தோம். வாரம் 10 ரூபாய் தனிச் சேமிப்பு போட்டு, ஒரு வருஷம் சேர்த்த பணம் அது. போனவங்க சில பேர் இங்கே உட்கார்ந்திருக்காங்க.

முதல் பயம் மதுரை ஜங்ஷனிலேயே வந்துடுச்சு. நகரும் படிக்கட்டு. பிள்ளைகள் குடுகுடுன்னு ஏறிப் போயிட்டாங்க. அம்மாமார் கீழே நிக்கிறாங்க. சேலை மாட்டிக்குமோ, கால் இடறுமோன்னு பயம். அப்போ ஒரு எட்டு வயசுப் பையன் திரும்பி இறங்கி வந்து, "அம்மா, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. கைப்பிடியைப் பிடி. நான் ஒண்ணு ரெண்டு சொல்றேன், மூணுக்குக் காலை வை"ன்னான். அந்த அக்கா ஏறிட்டாங்க. பின்னாடியே மத்தவங்களும் ஏறினாங்க. அந்தப் பையன் முகத்தைப் பார்க்கணும் நீங்க! அம்மாவுக்குக் கை கொடுத்த பெருமை அவனுக்கு அன்னைக்கு முழுக்க இருந்துச்சு. பயத்தை எதிர்கொள்ளும்போது எப்பவும் நாமதான் பெரியவங்கன்னு இல்லை. சில இடத்தில் பிள்ளை முன்னாடி போகும். நாம பின்னாடி போகலாம். தப்பில்லை.

அடுத்தது பாம்பன் பாலம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நூறு வருஷத்துக்கும் மேலே ரயில் ஓடி, 2022 டிசம்பரில் நிறுத்திட்டாங்க. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தாங்க. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். கப்பல் வந்தா நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தா மேலே போகும். ரயில் பாலத்தில் ஏறினதும் ஜன்னலில் பார்த்தா தரையே தெரியாது. ரெண்டு பக்கமும் கடல்தான். பெட்டியில் ஒரே சத்தம். சில பேர் கண்ணை மூடிக்கிட்டாங்க. முந்தின வாரமே படம் காட்டி, நடுத்துண்டு எப்படித் தூக்கும்னு விவரம் சொல்லியிருந்தோம். அதனால் பிள்ளைகளுக்கு அந்த இடம் எப்ப வரும்னு பார்க்கிற ஆசை பயத்தைவிட அதிகமா இருந்துச்சு. விவரம் தெரிஞ்சா பயம் பாதியாகும்.

இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தம். அன்னைக்குக் கடல் அலையில்லாமல் குளம் மாதிரி கிடந்துச்சு. எல்லாரும் இறங்கிட்டாங்க. ஒரு அக்கா மட்டும் மணலில் உட்கார்ந்துட்டாங்க. அவங்க பத்து வயசு மகளும் பக்கத்தில் உட்கார்ந்துருச்சு. பெயர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால் சொல்லலை. அந்த அக்கா சின்ன வயசில், அவங்க தம்பி ஊர்க் கண்மாயில் மூழ்கி இறந்துட்டான். அன்னையிலிருந்து கணுக்காலுக்கு மேலே அவங்க தண்ணீரில் இறங்கினதில்லை. மகளையும் இறங்க விட்டதில்லை.

யாரும் அவங்களை இழுக்கலை. மகள்தான் கேட்டுச்சு: "மாமா செத்துப் போனதாலயாம்மா பயம்?" வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாங்களாம். அன்னைக்கு அந்த அக்கா மகள்கிட்ட முழுசாச் சொன்னாங்க. அவன் எப்படிப் போனான், யாரும் கூட இல்லை, மண் அள்ளின பள்ளம் அங்கே இருந்தது யாருக்கும் தெரியலைன்னு. சொல்லி முடிச்சு அழுதாங்க. அப்புறம் ரெண்டு பேரும் எழுந்து ஈர மணல் வரை வந்தாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க. கணுக்கால் வரை. மறுபடி கரைக்கு வந்துட்டாங்க. திரும்பப் போய் முழங்கால் வரை. ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆச்சு. அதுக்கு மேலே போகலை. போதும்னு திரும்பிட்டாங்க. அன்னைக்கு அவங்க அடைச்சது அந்த அளவு தவணை.

ஆமா, தவணைதான். குழுக் கடனை ஒரே நாளில் அடைக்கச் சொன்னா யாரால் முடியும்? மாசாமாசம் தவணை கட்டினா, கட்டினதே தெரியாம முடிஞ்சுடும். பயமும் அப்படித்தான். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் 1924-லேயே இதைச் செஞ்சு எழுதியிருக்காங்க. முயலைக் கண்டா அலறுகிற ஒரு சின்னப் பையன். அவன் பிடிச்ச தின்பண்டம் தின்னுக்கிட்டு இருக்கும்போது, கூண்டில் முயலைத் தூரத்தில் வச்சாங்க. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்டே கொண்டு வந்தாங்க. கடைசியில் அவனே முயலைத் தடவினான். அவசரப்பட்டு ஒரேயடியா மடியில் தூக்கிப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அதையும் அன்னைக்கே பார்த்தோம். இன்னொரு பையனை அவன் வீட்டுப் பெரியவங்க "ஆம்பளப் புள்ள பயப்படலாமா"ன்னு சொல்லித் தூக்கித் தண்ணிக்குள்ளே விட்டுட்டாங்க. அவன் கத்தின கத்தல் கோவில் வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தண்ணீர்ப் பக்கமே வரலை. வட்டியும் முதலும் ஒரே நாளில் கேட்டா, ஆள் ஊரை விட்டே ஓடுற கதைதான்.

"வா"ன்னு சொன்ன அம்மா "வேண்டாம்"னு சொன்னா

மத்தியானத்துக்கு மேலே தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு அடிச்ச புயலில் அழிஞ்ச ஊர். தனுஷ்கோடி நோக்கி வந்த ரயிலையே கடல் கொண்டு போச்சு. இடிஞ்ச தேவாலயத்தையும் பழைய கட்டடங்களையும் பிள்ளைகள் பார்த்தாங்க. அப்புறம் அரிச்சல்முனை. ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. பார்க்க அவ்வளவு அழகு. ஆனா நீரோட்டம் வேகமா இழுக்கிற இடம். அங்கே கடலில் இறங்கக் கூடாதுன்னு எச்சரிக்கிறாங்க.

காலையில் முழங்கால் வரை இறங்கின அந்தப் பத்து வயசுப் பிள்ளை கேட்டுச்சு: "அம்மா, இங்கேயும் இறங்குவோமா?" அவங்க அம்மா சொன்னாங்க: "இங்கே வேண்டாம்மா. அங்கே கடல் சும்மா கிடந்துச்சு. ஆழமும் இல்லை. இங்கே அடியில் இழுக்கும். நீச்சல் தெரிஞ்சவனையே கொண்டு போயிரும்." பிள்ளை மறு பேச்சு பேசலை. கரையிலேயே நின்னு பார்த்துச்சு.

இதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட முக்கியமாச் சொல்ல வந்தேன். எப்பவும் "வேண்டாம், வேண்டாம்"னு சொல்ற அம்மாவின் "வேண்டாம்" பிள்ளை காதில் ஏறாது. அம்மா எல்லாத்துக்கும் பயப்படும்னு விட்டுடும். காலையில் "வா, சேர்ந்து போவோம்"னு சொன்ன அம்மா சாயங்காலம் "இங்கே வேண்டாம்"னு சொன்னா, அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு. கட்டிப்போடுற பயத்தைக் கழிச்சுட்டா, காவல் காக்கிற பயம் தானா பலம் பெறும்.

நாம செய்யக்கூடியது

சுற்றுலான்னா இராமேசுவரமே போகணும்னு இல்லை. பக்கத்து அணை, மலைக்கோவில், நூலகம், ரயில் நிலையம், டவுன் போஸ்ட் ஆபீஸ், எதுவும் ஆகும். சில யோசனைகளைக் குறிச்சுக்குங்க.

1. போகிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, உனக்கு எது பயம்னு பிள்ளைகிட்ட கேளுங்க. உங்க பயத்தையும் சொல்லுங்க. கேலி செய்யக் கூடாது. "ஆம்பளப் புள்ள", "பொட்டப் புள்ள" பேச்சு வேண்டாம்.

2. பயத்தைச் சின்னப் படிகளாப் பிரிங்க. முதலில் தூரத்தில் நின்னு பார்க்கிறது, அப்புறம் கிட்டே போகிறது, அப்புறம் தொடுறது. எந்தப் படியில் நிறுத்தணும்னு பிள்ளை சொல்லட்டும்.

3. தண்ணீர் உள்ள இடம்னா உள்ளூர்க்காரங்களைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மூணு நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க பொறுப்பு. அவங்க கையில் செல்போன் இருக்கக் கூடாது. 5 வயதுக்குள் உள்ள குழந்தை கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கணும்.

4. யாராவது மூழ்கினா, நீச்சல் தெரியாதவங்க குதிக்கக் கூடாது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் அம்மாவும் அக்காவும் சேர்ந்து போன கதை நமக்குத் தெரியும். சேலை, கயிறு, கம்பு, காலிக் குடம், எது கிடைக்குதோ அதை வீசுங்க, கூச்சல் போடுங்க. கரை சேர்த்ததும் தலைகீழாத் தூக்கிச் சுத்துறது, வயித்தை அமுக்குறது எதுவும் வேண்டாம். மூச்சு இல்லைன்னா உடனே வாயோடு வாய் வச்சு ஊதி, நெஞ்சை அழுத்தணும். ஒருத்தர் 108-க்குப் போன் போடணும். இதை எப்படிச் செய்யறதுன்னு செஞ்சு காட்டச் சொல்லி நம்ம ஒன்றியத் தீயணைப்பு நிலையத்தில் கேட்போம்.

5. வீட்டுக்கு வந்ததும் பேசுங்க. "இன்னைக்கு எது பயமா இருந்துச்சு? எது பரவாயில்லைன்னு ஆச்சு?" அடுத்த தவணை என்னன்னு பிள்ளையே சொல்லும்.

பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2004 சுனாமியில் கடலூர்ப் பக்கக் கிராமங்கள் சிலவற்றில் ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு அதிகமாக இறந்தாங்க. கரையிலும் வீட்டிலும் பிள்ளைகளோட இருந்தது பெண்கள்தான். நீச்சல் தெரியாததும் ஒரு காரணம். நம்ம ஊரில் கிணத்தில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகின பாட்டிமார் இன்னும் இருக்காங்க. அவங்களைக் கேளுங்க. படி உள்ள கிணறு, கட்டிக்கொள்ள காலி பிளாஸ்டிக் கேன், இடுப்பில் கயிறு, கரையில் ரெண்டு பெரியவங்க. இது இருந்தா பிள்ளையும் பழகலாம், கூடவே அம்மாவும் பழகலாம்.

நம்மால் முடியுமான்னு சந்தேகம் வேண்டாம். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஊர் கேலி செஞ்சதைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. விழுந்துதான் பழகினாங்க. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம கதையையே எடுத்துக்குங்க. முதன்முதலா பேங்குக்குப் போனப்போ எத்தனை பேர் வாசலில் நின்னோம்? ஒருத்தர் முந்தானையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுத்தானே உள்ளே போனோம். இன்னைக்கு அதே பேங்கில் மேனேஜர்கிட்ட நேருக்கு நேர் உட்கார்ந்து வட்டிக் கணக்குக் கேட்கிறோம். அந்தத் தைரியம் ஒரே நாளில் வரலை. தனியாவும் வரலை. வாராவாரம் கூடி உட்கார்ந்து பேசினதில் வந்துச்சு. நமக்குக் கிடைச்ச அந்த வழியை நம்ம பிள்ளைகளுக்கும் கொடுப்போம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் மூணு விஷயத்தைத் தீர்மான நோட்டில் எழுதுங்க. ஒண்ணு, இந்த லீவில் எந்தக் குழு, எந்தத் தேதியில், எங்கே போகிறது. ரெண்டு, ஊரில் நீச்சல் தெரிஞ்ச பெண்கள் யார் யார். மூணு, மூடியில்லாத கிணறும், மண் அள்ளின பள்ளமும், குவாரிக் குட்டையும் எங்கெங்கே இருக்கு. மூணாவது பட்டியலை எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஊராட்சித் தலைவரிடம் கொடுங்க, வேலி போடச் சொல்லிக் கேளுங்க. ஒரு நகல் கூட்டமைப்பு அலுவலகத்துக்கும் வரட்டும். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ளே எந்தெந்தப் பள்ளத்துக்கு வேலி வந்துச்சுன்னு அடுத்த பொதுக்குழுவில் வாசிப்போம்.